விலைக்குக் கீழே ஒரு வரி

2002 அக்டோபர் 7, திங்கள். கம்பம்

காலையிலிருந்து தூறல். குடையை வீட்டிலேயே விட்டுவிட்டு தேனியில் பஸ் ஏறினேன். ஜன்னல் ஷட்டர் இறங்கவில்லை. சின்னமனூர் வருவதற்குள் இடது தோள் முழுக்க ஈரம். கண்டக்டர் சொன்னது: "தள்ளி உக்காருங்கக்கா, அது போன வருசத்துல இருந்தே அப்பிடித்தான்."

முதலாளி துபாய் போய் ஒரு வாரம். (இனி மு. என்றே எழுதுவேன். நாள் முழுக்க டைப் அடித்த விரல் பேனா பிடிக்க மறுக்கிறது.) நோன்பு தொடங்குமுன் அங்கே காப்பிக்கு ஏலக்காய் வாங்கி அடுக்குவார்களாம். இத்தனை வருஷம் ஃபேக்ஸிலேயே ஏவாரம் செய்தவர், இந்தத் தடவை சாம்பிள் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு நேரிலேயே போய்விட்டார்.

எனக்கு வேலை: வண்டன்மேட்டில் ஏலக்காய் ஏலம் முடிந்து போனில் விலை வந்ததும் மெயில் அனுப்புவது. மு. சாயங்காலம் ஏதாவது ஒரு நெட் கடையில் திறந்து பார்ப்பார். ஐடி நான் திறந்து கொடுத்தது. என்ன பாஸ்வேர்டு போடட்டும் என்று கேட்டதற்குக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "ஜெய்னுன்னு போடு. நீயும் ஞாபகம் வச்சுக்க, எனக்கு மறந்தாலும் மறந்துரும்" என்றார். தன் மனைவி ஜெய்னம்பு அக்காவை அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. "இந்தா" என்பார், அக்கா திரும்புவார். அவ்வளவுதான்.

பாஸ்வேர்டு தெரிவதில் ஒரு வசதி. மெயிலைப் படித்தாரா என்று சந்தேகம் வந்தால் அவர் பெட்டிக்குள்ளேயே போய்ப் பார்த்துவிடலாம். படிக்காதது தடித்த எழுத்து, படித்தது மெல்லிசு.

மெயில் எப்படி இருக்க வேண்டும் என்பதும் அவர் சொன்னது. எட்டு எம்எம் காய், ஏழு எம்எம் காய் என்ன விலை, கலர் எப்படி, வரத்து எவ்வளவு. எல்லாவற்றுக்கும் கீழே: வீட்டில் எல்லாரும் சுகம். "அந்த வரியப் பாத்துட்டுத்தான் மேல விலைக்கே வருவேன். அது இல்லாம அனுப்பாத." வீட்டில் எல்லாரும் என்றால் அக்கா ஒருத்தர்தான். பிள்ளை இல்லை.

நான் தினமும் புதிதாக அடிப்பதில்லை. முந்தின நாள் மெயிலைத் திறந்து விலையை மட்டும் மாற்றி அனுப்புகிறேன். கடைசி வரி தானாக வந்துவிடும்.

வாங்க வேண்டியது: பிரிண்டர் ரிப்பன். அப்பாவுக்குக் கண் சொட்டு மருந்து. குடை (இருக்கிறது, எடுத்துப் போனால் போதும்).

அக். 8, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

குடோனில் காய் பொறுக்கும் பேச்சியம்மாதான் முதலில் பார்த்தது. கடைக்குப் பின்னாலேயே வீடு; அக்கா பின்வாசல் வழியாக எங்களுக்கு டீ கொண்டு வந்தார். "ஏத்தா, கண்ணக் கண்ணாடியில பாத்தீகளா? மஞ்சக் கெழங்கு கணக்கா இருக்கு!" என்று பேச்சி போட்ட சத்தத்தில் முறத்தோடு இருந்த அத்தனை பேரும் எழுந்து வந்துவிட்டார்கள். அக்காவுக்கு வெட்கம். "ரெண்டு நாளா சோறு எறங்கல, அம்புட்டுத்தான்" என்றார்.

காதர் அண்ணன் வந்தார். அக்காவின் தம்பி, மு. இல்லாதபோது கடை அவர் பொறுப்பு. உடனே சுருளிப்பட்டிக்கு வண்டி. மஞ்சள்காமாலைக்கு அங்கே ஒருவர் பச்சிலை அரைத்துக் கொடுக்கிறாராம். உப்பு ஆகாது, எண்ணெய் ஆகாது, மோர்ச்சோறு மட்டும்.

திரும்பி வந்ததும் காதர் அண்ணன் என் மேஜையருகே நின்றார்.

"மச்சானுக்கு இதையெல்லாம் எழுதிக்கிட்டு இருக்காத தாயி. தூரத்துல மனுசன் தனியா நிக்கிறாக."

இந்தத் தெருவின் சட்டம் அது. வெளிநாட்டில் இருப்பவருக்கு நல்ல சேதி மட்டும் போக வேண்டும். அடுத்த தெருவில் ஒருவர் சவுதியிலிருந்து வந்து வாசலில் பெட்டியை இறக்கிய பிறகுதான் பெத்த அத்தா மௌத்தாகி அடக்கமும் ஆனது அவருக்குத் தெரிந்தது. அதை இன்னும் பெருமையாகச் சொல்கிறார்கள், எப்படிப் பொத்தி வைத்தோம் பார் என்று. எங்கள் சர்ச் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. பெங்களூரில் இருந்த எனக்கே அம்மா போனதை "கொஞ்சம் சீரியஸ்" என்றுதான் சொன்னார்கள்.

மஞ்சள்காமாலை யாருக்குத்தான் வரவில்லை? எனக்கும் வந்தது, போனது.

மெயில் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது, கடைசி வரியும் போயிருக்கிறது.

அக். 10, வியாழன்

நல்ல மழை. லோயர் கேம்ப் பக்கம் ரோட்டில் மரம் விழுந்து, மலை மேலேயிருந்து காய் மூட்டை வரவில்லை. குடோன் பெண்கள் சும்மா உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்புச் சத்தம் எனக்கு எரிச்சல். எனக்கு எல்லாமே எரிச்சல் இன்று.

மு.விடமிருந்து மெயில். தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்கிறார். ஒரு விரலால் அடிப்பது இங்கிருந்தே தெரிகிறது.

"நேத்து வீட்டுக்குப் போன் போட்டேன். அவ குரல் சரியில்ல. என்ன?"

காதர் அண்ணனிடம் காட்டினேன். "சளின்னு போடு."

சளி என்று போட்டேன். கூடவே "வேறு ஒன்றும் இல்லை" என்று அவர் சொல்லாததையும் நானாகச் சேர்த்தேன். கைக்கு அந்தப் பழக்கம்.

அக்காவைப் போய்ப் பார்த்தேன். பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். உள்ளங்கையும் மஞ்சள். "மூணாவது மருந்து குடிச்சாச் சரியாயிரும்னு சொன்னாக" என்றார். சுவரிடம் சொன்னது போலிருந்தது.

அக். 11, வெள்ளி

ஜும்ஆ தொழுகை நாள். கடை அரை நாள். வெயில்.

மெஷினைப் போட்டதும் மு. மெயில். அப்படியே எழுதி வைக்கிறேன்:

"இங்கன ஒரு பெரிய ஏவாரி. மஸ்கட் பக்கம் உள்ளடங்குன ஊருக்கெல்லாம் அவர் வண்டியிலயே கூட்டிட்டுப் போறேங்குறார். விசாவும் அவரே எடுத்துட்டார். போயிட்டு வர ஒரு வாரம். அங்கிட்டு நெட்டு, போனு இருக்குமோ என்னமோ. வீட்டுல அவளுக்கு ஒண்ணும் இல்லேன்னா போறேன். காதர்கிட்டக் கேக்கல. உன்கிட்டக் கேக்குறேன். சொல்லு."

இரண்டு தடவை படித்தேன். பிறகு, என்னிடம் கேட்டதை எடுத்துக்கொண்டு காதர் அண்ணனிடம்தான் போனேன்.

அவர் தொழுகைக்குக் கிளம்பித் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். "போகச் சொல்லு" என்றார்.

"அண்ணே, அக்காவுக்கு இன்னும் மஞ்ச எறங்கலையே."

"ஒரு மஞ்சக்காமாலைக்கு மச்சான வரச் சொன்னா, ஒரு வாரம் அக்காவப் பாத்துக்கத் துப்பில்லன்னு ஊரே என்னையப் பாத்துச் சிரிக்கும். சீசன் வேற. அக்காவே சொல்லிருச்சு, அவுகளுக்குச் சொல்ல வேணாம்னு."

அக்காவே சொல்லிவிட்டார் என்றால் பிறகு நான் யார்?

"ஒன்றும் இல்லை. போய் வாருங்கள்." அடித்து அனுப்பினேன். வேலை போய்விடும் என்ற பயத்தில் அனுப்பினேன் என்று எழுதினால் பொய். என்னை யாரும் மிரட்டவில்லை. பெரியவர்கள் தீர்மானித்துவிட்டார்கள், நமக்கென்ன என்று ஒதுங்குவதில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்குத்தான் அடித்தேன்.

மத்தியானம் பஸ்ஸில் கூட்டம். நின்றுகொண்டே தேனி.

அக். 12, சனி

மு.: "கெளம்பிட்டேன். திரும்பி வந்துதான் மெயில் பாப்பேன். வெலைய மட்டும் தெனமும் அனுப்பி வை, வந்து மொத்தமாப் பாத்துக்கிறேன்."

பத்து மணி வாக்கில் பின்வீட்டில் கூச்சல். அக்கா வாந்தி எடுத்து எடுத்து மயங்கிவிட்டார். பேச்சியம்மா ஓடிப் போய்த் தலையை மடியில் வைத்துக்கொண்டது. தெரிந்தவர் கார் வந்தது. தேனிக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் அல்லிநகரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஆஸ்பத்திரி.

கார் போனதும் வண்டன்மேட்டுப் போன். விலை எழுதிக்கொண்டேன். முந்தின விலை மெயிலைத் திறந்தேன், மாற்றினேன், அனுப்பினேன். அப்போதும் கடைசி வரி போனது. காரில் அக்கா போன தூசி அடங்குமுன் "வீட்டில் எல்லாரும் சுகம்".

காய்க்கு நல்ல விலை. இப்போது அது யாருக்கு வேண்டும்?

அக். 13, ஞாயிறு. தேனி

கோயிலில் பிரசங்கம் நீளம். பொறுமையைப் பற்றி. என் பொறுமையைத்தான் சோதித்தார் ஐயர், எங்கள் போதகர்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. காதர் அண்ணன் மருந்துக்கடைக்குப் போயிருந்தார். அக்கா விழித்துத்தான் இருந்தார். கை வீங்கி, வளையலைக் கழற்றியிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் கேட்டது:

"அவுக எப்ப வாராகளாம் கிரேசு?"

எனக்குப் புரியவில்லை.

"நீ மெயில் போட்டியாமே. டிக்கெட்டுக்கு அலையுறாகன்னு காதர் சொன்னான்."

சொல்ல வேண்டாம் என்று அக்கா சொன்னதாகக் காதர் அண்ணன் என்னிடம் சொல்லியிருக்கிறார். சொல்லியாயிற்று என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு பக்கமும் பூசி மெழுகிவிட்டு மனுஷன் மருந்துச்சீட்டோடு தெருவில் நடந்து வருகிறார்.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் உண்மை பேசுவது எப்படி என்று எந்தப் பிரசங்கத்திலும் சொல்வதில்லை.

"ஆமாக்கா. டிக்கெட் பாத்துக்கிட்டு இருக்காக" என்றேன்.

"நோன்புக்கு முந்தி கூட்டமா இருக்கும்" என்றார் அக்கா, எனக்குச் சமாதானம் சொல்வது போல.

வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அப்பா கேட்டார், வயிறு சரியில்லை என்றேன். பொய்க்கா பஞ்சம் என்னிடம்?

அக். 14, திங்கள். கம்பம்

காதர் அண்ணன் சட்டை மாற்றிக்கொள்ள வந்தவரை மறித்துக் கேட்டேன். சண்டைதான். குடோன் பெண்கள் கை நின்றுவிட்டது.

"அக்காகிட்ட ஏன் அப்பிடிச் சொன்னீக?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? மச்சானுக்குச் சொல்லலன்னு சொன்னா அது ஏங்கிப் போயிராது?"

"அப்ப மொதலாளிக்கு எழுதிருவோம்."

"ரெண்டு நாள் பாப்போம் தாயி. டாக்டரு ஊசி மாத்தியிருக்காக. ரெண்டே நாள்."

கண் சிவந்திருந்தது. மூன்று நாளாகத் தூங்காத ஆள். கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். அக்கா மேல் உயிர். சின்ன வயதில் அவரை இடுப்பில் சுமந்தது அக்காதான்.

விலை மெயில் அனுப்பும்போது கடைசி வரியை அழித்துவிட்டு அனுப்பினேன். அது இல்லாததைப் பார்த்தால் அவருக்குப் புரியும். என் வீரம் அவ்வளவுதான்.

மத்தியானம் அவர் பெட்டிக்குள் போய்ப் பார்த்தேன். சனிக்கிழமை மெயில் தடித்த எழுத்து. இன்றையதும் தடித்த எழுத்து. மனுஷர் எந்த ஊர் மணலில் இருக்கிறாரோ.

அக். 15, செவ்வாய். தேனி

லீவு போட்டேன். காலையில் ஆஸ்பத்திரி.

டாக்டர் வராந்தாவில் வைத்துச் சொன்னார். ஈரல் வேலை செய்யவில்லை. மதுரைக்குக் கொண்டு போய்ப் பார்க்கலாம், ஆனால்... "வீட்டுக்காரர் வெளியூர்ல இருந்தா வரச் சொல்லிருங்க." காதர் அண்ணன் சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரையும் கேட்கவில்லை நான். நேரே நடந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரவுசிங் சென்டர். பலகைத் தடுப்பு, திரைச்சீலை, உள்ளே காலேஜ் பையன்கள். கடைக்காரர், "மேடம், பிரிண்ட்டா, ரிசல்ட்டா?" மெயில் என்றேன்.

நீளமாக அடித்தேன். சுருளிப்பட்டியிலிருந்து ஆரம்பித்து, ஏன் சொல்லவில்லை, யார் சொன்னது, எல்லாம். முடிக்கப் போகும்போது கரண்ட் போய்விட்டது. பையன்கள் ஊளையிட்டார்கள். இருட்டில் உட்கார்ந்திருந்தேன். "இப்ப வந்துரும் மேடம்" என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். வந்தபோது அடித்ததெல்லாம் போயிருந்தது.

இரண்டாவது தடவை நீளம் வரவில்லை. "அக்காவுக்கு ரொம்ப மோசம். மஞ்சள்காமாலை. சளி என்றது பொய். உடனே புறப்பட்டு வாருங்கள். கிரேஸ்."

முதலில் அடித்ததில் எனக்கான சாக்குத்தான் அதிகம். கரண்ட் போனதே நல்லது.

அனுப்பிவிட்டு அவர் பெட்டிக்குள் போனேன். ஜெய்னு. திறந்தது. மூன்று வரி, மூன்றும் தடித்த எழுத்து.

அக். 16, புதன். கம்பம்

தடித்த எழுத்துத்தான். இன்னொரு மெயில் போட்டேன், அதே வார்த்தைகள்.

காதர் அண்ணன் கேட்காமலே பாக்கெட்டிலிருந்து ஒரு நம்பர் எடுத்துக் கொடுத்தார். துபாயில் மு. தங்கியிருந்த உத்தமபாளையத்துக்காரர் அறை. கடைப் போனில் ஐஎஸ்டி கிடையாது. பூத்துக்குப் போனோம். மழைத் தண்ணீர் வாசல் வரை.

"அவுக அரபியோட வண்டியில போயிருக்காகம்மா" என்றார் அந்த மனிதர். "நம்பரு ஒண்ணும் குடுக்கல. சனிக்கெழமை வந்துருவாக. ஏன், வீட்டுல எல்லாம் சுகந்தானே?"

காதர் அண்ணன் ரிசீவரை வாங்கினார். வாய் திறந்தார். இப்போதாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். "அவுக வந்தா ஒடனே போன் போடச் சொல்லுங்க" என்றார், வைத்துவிட்டார். அந்த அறைக்காரரும் வெளிநாட்டில் இருப்பவர்தானே. அவருக்கும் நல்ல சேதி மட்டும்.

வெளியே வந்து அவரைத் திட்டினேன். திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஆபீசில் இன்னொரு கூத்து. கடைக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஒரே லைன். நெட்டைப் போட்டால் போன் எங்கேஜ்ட். நெட்டைப் போட்டு உட்கார்ந்தால் அந்த நேரம் பார்த்து அவர் எங்கிருந்தாவது கூப்பிடலாம். நெட்டை நிறுத்தினால் மெயில் வந்ததா என்று தெரியாது. கொஞ்ச நேரம் போடுவது, கொஞ்ச நேரம் நிறுத்துவது.

போன் ஒரே ஒரு தடவை அடித்தது. வண்டன்மேடு. விலை சொன்னார்கள். எழுதிக்கொண்டேன்.

அக். 17, வியாழன். தேனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் காதர் அண்ணன் மதுரைக்கு வண்டி பேசப் போயிருந்தார். நான் மட்டும் அக்காவோடு. பிதற்றல் வருகிறது, போகிறது என்று நர்ஸ் சொன்னாள். ஆனால் நான் போனபோது தெளிவாக இருந்தார். மெல்லத்தான் பேசினார்.

"அவுக எழுதியிருக்காகளா?"

"எழுதியிருக்காகக்கா."

"வாசி."

பையில் இருந்தது திங்கட்கிழமை விலைக்காகிதம். அதை எடுத்து விரித்தேன். எட்டு எம்எம், ஏழு எம்எம், கலர் நடுத்தரம். அதைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன்: "ஜெய்னு, நான் கிளம்பிட்டேன். பயப்படாதே. உன்னைத் தனியா விட்டுட்டு வந்தது என் தப்பு. நீ எந்திரிச்சதும் ரெண்டு பேரும் சுருளிக்குப் போய் அருவியப் பாத்துட்டு வருவோம்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். உதட்டில் ஏதோ. சிரிப்பு மாதிரி.

"அவுக என்னைய ஜெய்னுன்னு கூப்பிட்டதே இல்ல கிரேசு. நிக்காஹ் முடிஞ்ச நாள்ல இருந்து இந்தாதான்."

மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது. அது ஒன்று மட்டும் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது. பக்கத்தில் குனிந்து சொன்னேன். மெயில் பெட்டிக்கு ஒரு சாவி வேண்டும்; யாருக்கும் தெரியாத ஒரு பெயரை அதற்கு வைக்க வேண்டும்; முதலாளி வைத்த பெயர் ஜெய்னு. அவுக வாயாலேயே சொன்னது. தினமும் அந்தப் பெயரைத் தட்டித்தான் அங்கே உள்ளே போகிறார்.

"நெசமாவா?"

"சத்தியமாக்கா. இது சத்தியம்."

மற்றது சத்தியமில்லை என்று அதிலேயே சொல்லிவிட்டேன் போல. அக்காவுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. புரிந்திருக்கும். தூங்கிவிட்டார் என்று காகிதத்தை மடித்தேன்.

"இன்னொரு தடவ வாசி. மொதல்ல இருந்து."

வாசித்தேன். என்ன சொன்னேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. காகிதத்தில் விலைதான் இருக்கிறது. ஏதோ சொல்லி முடித்தேன்.

"சுருளிய விட்டுட்டியே" என்றார் அக்கா.

மூன்றாவது தடவை சுருளியைச் சேர்த்து வாசித்தேன். அழாமல் வாசித்தேன்.

மத்தியானம் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது என்னைத் தெரியவில்லை. பேச்சியம்மாவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

அக். 18, வெள்ளி. கம்பம்

விடியுமுன் அக்கா போய்விட்டார். மதுரையில்.

சேதி எனக்குக் காலை பஸ்ஸில்தான் தெரிந்தது, உத்தமபாளையத்தில் ஏறிய ஒரு அம்மா பக்கத்து சீட்டில் சொல்லிக்கொண்டு வந்தாள். "ஏலக்கா மொதலாளி வீட்டுல மௌத்து. அவுக வெளிநாட்டுல. பாவம், தெரியாதாம்." கம்பம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

கம்பத்துக்குக் கொண்டுவந்து, ஜும்ஆவுக்குப் பிறகு அடக்கம். பெண்கள் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, முகம் பார்க்க விட்டார்கள். நானும் பார்த்தேன். மஞ்சள் அப்படியே இருந்தது. பேச்சியம்மா தலையில் அடித்துக்கொண்டு அழ, ஒரு பெரியம்மா, "சத்தம் போட்டு அழுவாதீகத்தா, மௌத்தானவுகளுக்கு ஆகாது" என்று வாயைப் பொத்தினாள்.

யாரோ கேட்டார்கள், சனிக்கிழமைதானே வாராக, ஒரு நாள் வைக்கக் கூடாதா என்று. "யாருக்காகவும் வைக்கிறது இல்லப்பா" என்று பதில் வந்தது. அவ்வளவுதான் பேச்சு. சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் வாசலோடு நின்றோம்.

காதர் அண்ணன் பள்ளிவாசல் தெரு முனையிலிருந்து திரும்பி ஓடி வந்தார். கூட்டம் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"எழுதிரு தாயி. இப்ப எழுதிரு."

"என்னன்னுண்ணே எழுத?"

"எல்லாத்தையும் எழுது. நான்தான் எழுத விடலன்னு எழுது. மச்சான் இனி என் மூஞ்சில முழிக்க மாட்டாக."

மறுபடி ஓடினார், அக்காவைத் தூக்கியவர்களைப் பிடிக்க.

கடையைத் திறந்து மெஷினைப் போட்டேன். குடோனில் யாரும் இல்லை. மூட்டைகள் மட்டும். எழுதினேன்: "அக்கா இன்று காலை மௌத்தாகிவிட்டார்கள். அடக்கம் ஆகிவிட்டது." காதர் அண்ணனைப் பற்றி எழுதவில்லை. போகச் சொன்னது என் விரல்.

வண்டன்மேட்டிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை.

அக். 19, சனி. கம்பம்

வானம் மூட்டம். மழை இல்லை.

கடை மூடியிருக்கிறது. சாவி என்னிடம். யாரும் வரச் சொல்லவில்லை, வந்தேன்.

ஜெய்னு என்று தட்டினேன். திறந்தது.

மேலே நேற்றையது, மௌத். அதன் கீழே புதன், உடனே வாருங்கள். அதன் கீழே செவ்வாய், அதுவும் வாருங்கள். அப்புறம் திங்கள், கடைசி வரி இல்லாத விலை. எல்லாவற்றுக்கும் அடியில் சனிக்கிழமை. எல்லாம் தடித்த எழுத்து. புதுசுதான் மேலே வரும். அவர் மேலிருந்துதான் படிப்பார். முதலில் அடக்கம், பிறகு ஆஸ்பத்திரி, போகப்போக அக்காவுக்கு உடம்பு தேறி, கடைசியில் வீட்டில் எல்லாரும் சுகம்.

சனிக்கிழமை மெயிலை எடுத்துவிடலாம். அவர் படிக்கவே இல்லை. எடுத்தால் அப்படி ஒன்று வந்ததே அவருக்குத் தெரியப் போவதில்லை. அது இருந்து யாருக்கு என்ன லாபம்? அதன் பக்கத்துக் கட்டத்தில் டிக் போட்டேன். அழிக்கும் பொத்தானுக்கு அம்புக்குறியைக் கொண்டுபோனேன்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மெயில் மெல்லிசாக அதன் அடியில் இருந்தது. "ஒன்றும் இல்லை. போய் வாருங்கள்." அதைப் படித்துவிட்டார். அதை என்ன செய்வது?

தெருவில் யாரோ பேசிக்கொண்டு போனார்கள். "கடை தெறந்திருக்கு?" "கணக்கு பாக்குற அக்காவா இருக்கும்."

கையை எடுத்துவிட்டு, பக்கத்தைப் புதுப்பித்தேன், சும்மா, நேரம் போக்க. லைன் மெதுவாக இழுத்து இழுத்து வந்தது. வந்தபோது நான் போட்ட டிக் போயிருந்தது.

மேல் வரி மெல்லிசாகிவிட்டது.

திரும்பி வந்துவிட்டார். எங்கோ ஒரு நெட் கடையில், இந்த நிமிஷம், அந்தப் பெயரைத் தட்டி உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார். ஒரே பெட்டிக்குள் நாங்கள் இரண்டு பேரும்.

லைனைத் துண்டிக்க வேண்டும். போன் போடுவார், எங்கேஜ்ட் வரும். துண்டிக்க முடியவில்லை. மறுபடி புதுப்பித்தேன். ஒன்றும் மாறவில்லை. மறுபடி. மாறவில்லை. ரொம்ப நேரம் அப்படியே இருந்தது. எழுந்து போய்விட்டார் என்று நினைத்தேன்.

பிறகு புதன் மெல்லிசாயிற்று. செவ்வாய். திங்கள்.

சனிக்கிழமை மட்டும் தடித்த எழுத்து. திறக்காதீர்கள் முதலாளி என்று வாய்விட்டே சொன்னேன். அவர் எப்போதும் கடைசி வரியைத்தான் முதலில் பார்ப்பார்.

புதுப்பித்தேன். அதுவும் மெல்லிசாகிவிட்டது.